திங்கட்கிழமை வரைக்கும்

திண்டுக்கல்,
ஞாயிறு மதியம்.

அன்புத் தங்கை ஏஞ்சலினுக்கு,

அக்கா மரியசெல்வி எழுதுவது. தாளின் உச்சியில் சிலுவை வரைந்து, சேசு மரி சூசை என்று போட்டுவிட்டுத்தான் நம் வீட்டில் கடிதம் தொடங்குவோம். இன்றைக்குப் போடவில்லை. அந்த மூன்று பேர் மேலும் எனக்குக் கோபம். நீ மடத்தில் இருப்பவள், வேண்டுமென்றால் என் சார்பில் நீயே போட்டுக்கொள்.

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலம் அனுப்பினால் உள்ளே விடுவார்களா என்று எழுது. உங்கள் மடத்தில் போன் கிடையாது, வருகிற கடிதத்தையும் மதர் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள் என்று தெரியும். பார்க்கட்டும். அவருக்குத் தமிழ் தெரியாதது இந்தத் தடவை எனக்கு வசதி.

இங்கே மாசி பிறந்ததுமே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நம் பிள்ளை தமிழ்நிலா திருச்சியில் கடைசி வருடப் பரீட்சைக்குப் படிக்கிறாள். இளைத்துவிட்டாள், கேட்டால் டயட் என்கிறாள். வேறு விசேஷம் என்றால், வருகிற வெள்ளிக்கிழமை நானும் உன் அத்தானும் ஊட்டிக்குப் போகிறோம். தவக்காலத்தில் ஊட்டி கேட்கிறதா என்று நினைக்காதே. முழுக்கப் படித்துவிட்டு நினை.

உன் அத்தான் இருபது வருடம் கொடைக்கானலுக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டியவர். ஊர் ஜனமெல்லாம் ஏரியில் படகு விட்ட நேரத்தில் இவர் வண்டிக்குள் சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்கியிருக்கிறார். ஒரு நாள்கூடப் படகில் ஏறியதில்லை. எங்கேயாவது போகலாமா என்று நான் கேட்டபோது, கொடைக்கானல் வேணாம் செல்வி, அந்த மல எனக்கு வெறும் வளைவுதான், ஸ்டியரிங் பிடிக்காம ஒரு மலையில ஏறணும், எவனாச்சும் ஓட்டட்டும், நான் சன்னலோரமா உக்காந்து வாரேன் என்றார். ஊட்டியில் ஏரியும் இருக்கிறது, மலை ரயிலும் இருக்கிறது. தமிழ்நிலாதான் போனிலேயே டிக்கெட் போட்டாள்.

திட்டம் இதுதான். வெள்ளிக்கிழமை விடிகாலையில் முதல் ஆளாக அவருக்கு டயாலிசிஸ். முடித்துக்கொண்டு மதிய ரயிலில் கோயம்புத்தூர், அங்கிருந்து மேட்டுப்பாளையம் போய்த் தங்கல். சனிக்கிழமை காலை மலை ரயில். ஞாயிற்றுக்கிழமை இறங்கி வீடு வந்து சேர வேண்டும். திங்கட்கிழமை காலையில் மறுபடியும் அதே கட்டில், அதே ஊசி. திங்கள், புதன், வெள்ளி என்று கட்டிப்போட்ட மனிதருக்கு சனி, ஞாயிறுதான் கயிறு கொஞ்சம் நீளம்.

ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான், ரசமும் காபியும் அதற்குள் அடக்கம். ஏரிக்கரையில் உட்கார்ந்தால் தாகம் எடுக்குமே என்றேன். பாக்குறதுக்குக்கூடவா டாக்டர் அளவு வச்சிருக்காரு என்று சிரித்தார். சிறுமலை வாழைப்பழம் அவருக்கு ஆகாது, இரண்டு வருடமாக நான் வீட்டுக்குள் விடவில்லை. ரயிலில் ஒன்றே ஒன்று தின்றுகொள்கிறேன் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிக் கேட்கிறார். மனிதருக்கு நாக்கு திரும்பிவிட்டது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். என்னைப் போல ஒரு முட்டாள் கிடையாது.

பயணப் பேச்சை எடுத்ததே நான்தான். கார்த்திகை மழையில், டயாலிசிஸில் இவருக்குப் பக்கத்துக் கட்டில் சைனம்பு அக்கா இறந்துபோனார். அதற்குப் பிறகு இவர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். முன்னால் ஒரு ஆசையைக் காட்டினால் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார் என்று நினைத்து ஊட்டியைச் சொன்னேன். நடந்தார், ஒரு நாள் தவறவில்லை. டிக்கெட் உறுதியான அன்றைக்குச் சொல்கிறார், ஊட்டி போயிட்டு வந்த பெறகு திங்கக்கெழம நான் அங்க போய்ப் படுக்க மாட்டேன் செல்வி, அதுவரைக்கும் நீ சொன்னபடி கேக்குறேன் என்று. காபிக்குச் சர்க்கரை போதும் என்பது போலச் சொன்னார். நிறுத்தினால் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் என்று டாக்டர் சொல்லியிருப்பது அவருக்கும் தெரியும்.

காரணம் என்ன என்று கேட்பாய். எனக்குச் சர்க்கரை இருப்பதால் என் கிட்னியை எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். தமிழ்நிலா, நான் தருகிறேன், பரீட்சை முடிந்து சித்திரையில் வந்ததும் டெஸ்ட் எடுங்கள் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அன்றைக்குப் பிடித்தது இவருக்கு இந்தப் புத்தி. பிள்ள ஒடம்புல கத்தி வச்சு நான் இருக்கணுமா, அவ வாரதுக்குள்ள நான் போயிடுறேன் என்கிறார். அவளிடம் மூச்சு விடக்கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். உன் பெயர் அந்தச் சத்தியத்தில் இல்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

இதற்கு மேல் நான் ஒரு வேலை செய்தேன். புத்திகெட்டுப் போய் அவரைப் பங்குச் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சாமியார் நாலு ஏறு ஏறுவார், நரகம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர் பயந்த சுபாவம், அடங்கிவிடுவார் என்று நம்பினேன். சாமியார் பொறுமையாகக் கேட்டார். தற்கொலை வேறு, தாங்க முடியாத வைத்தியத்தை வேண்டாம் என்பது வேறு, திருச்சபை அதைப் பாவம் என்று சொல்லவில்லை என்றார். மகளிடமும் பேசிவிட்டு முடிவெடுங்கள் என்றும் சொன்னார், அது மட்டும் இவர் காதில் ஏறவில்லை. நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசிச் செபித்து அனுப்பினார். வீட்டுக்கு வந்து மனிதர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

சினிமா பார்த்தால் பாவம், ஞாயிறு பூசைக்கு வராவிட்டால் பாவம் என்று சின்ன வயதிலிருந்து நம்மைப் பயமுறுத்தினார்களே, ஏஞ்சலின். இன்றைக்கு ஒருத்தி தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எனக்கென்று ஒரு பாவம் அவர்களிடம் இல்லாமல் போய்விட்டது. அதிலிருந்து நான் கோயிலுக்குப் போகவில்லை. அவர்தான் தனியாகப் போய் வருகிறார்.

இப்போது முற்றத்தில் உட்கார்ந்து சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். குளிருக்கு மங்கிக் குல்லா வாங்கி வைத்திருக்கிறார், எனக்கும் சேர்த்து. அவர் சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா, டிக்கெட்டை ரத்து செய்துவிடலாமா என்று யோசித்தேன். போகாவிட்டால் நாளைக்கே நிறுத்திவிடுவார். போனால் அடுத்த திங்கள். இதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அவர் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

நீ சொன்னால் கேட்பார். உன்னை மடத்தில் கொண்டுவந்து விட்ட அன்று திரும்பி வரும்போது வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி அழுதது நானில்லை, அவர்தான். சாமியார் சொன்னதைவிட ஏஞ்சலின் சிஸ்டர் சொல்வது அவருக்குப் பெரிது. ஸ்பீடு போஸ்டில் வெள்ளிக்கிழமைக்குள் வருகிற மாதிரி அவருக்கு எழுது. அது பாவம் என்று எழுது. பாவமில்லை என்று உனக்குத் தெரிந்திருந்தாலும் எழுது. பொய் என்று தெரிந்துதான் கேட்கிறேன், அதற்கு உண்டானது என் தலையில் விடியட்டும்.

முடியாது என்றால் உன்மேல் வருத்தப்பட மாட்டேன். படுவேன், பிறகு ஆறிவிடும். அப்போது இதையாவது செய். ஊட்டி எப்படி இருந்தது என்று கேட்டு, திங்கட்கிழமை காலையில் வீட்டுக்கு வருகிற மாதிரி அவர் பெயருக்கு ஒரு கடிதம் போடு. உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் அவர் இருந்ததே இல்லை. ஒரு பக்கம் எழுத ஒரு வாரம் எடுத்துக்கொள்கிற ஆள், பதிலைப் பாதியில் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வராது. பதில் வந்ததும் இன்னொன்று கேள். ரயில் எப்படி ஏறியது, படகில் யார் துடுப்புப் போட்டது, தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தது, எதை வேண்டுமானாலும் கேள். சித்திரையில் தமிழ்நிலா வந்துவிடுவாள். அவள் வந்து அப்பா கையைப் பிடிக்கிற வரைக்கும் நீ கேட்டுக்கொண்டே இரு, என் தங்கமே.

உன் அக்கா,
மரியசெல்வி ஸ்டீபன்ராஜ்