மியூ ஒன்று, எது ஒன்று?

என் பெஞ்சில் பாதி இடத்தை இன்னும் காலி செய்யாத அந்தோணி மச்சானுக்கு,

டைபாய்டு உன்னைக் கொண்டுபோன பிறகும் பௌதிக வகுப்பு நடக்கிறது. எந்தக் காந்தமும் இழுக்காது என்று நீ பெயர் வைத்த பித்தளை சார்தான் இன்னும் எடுக்கிறார். விடைக்குப் பக்கத்தில் யூனிட் எழுதாவிட்டால் இன்னும் அரை மார்க் போகிறது.

அதனால்தானே உனக்குச் சந்தேகம் வந்தது? காந்த விசை ஒரு பொருளுக்குள் எவ்வளவு எளிதாகப் புகும் என்று சொல்வது மியூ. காற்றுக்கு அது ஒன்று என்று மொட்டையாக எழுதிவிட்டு அவர் நகரப் பார்த்தார்.

“எது ஒண்ணு சார்? ஒரு படியா, ஒரு முழமா?” என்றாய்.

“வெறும் நம்பர்டா. உக்காரு.”

நீ உட்காரவில்லை. “காந்த முனையோட பலத்துக்கு யூனிட் தெரியணும்னா மியூவோட யூனிட் தெரியணும். மியூவோடது தெரியணும்னா முனையோடது தெரியணும். ரெண்டு திருடனும் ஒருத்தனுக்கொருத்தன் ஜாமீன் நிக்கிறான் சார்.”

பரீட்சையில் ‘ஒன்று, யூனிட் மறைக்கப்பட்டிருக்கிறது’ என்று எழுதினாய். முட்டை போட்டார். அதுதான் உன் கடைசித் தாள். அத்தை அதை மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள், முட்டை தெரியாதபடி மடித்து.

இப்போது சேதி கேள். யுத்தம் முடிந்து கப்பலில் வந்த புதுப் புத்தகம் ஒன்று நம் லைப்ரரியில் இருக்கிறது. மீட்டர், கிலோகிராம் வைத்துக் கணக்குப் போடும் முறையாம். அதில் காற்றின் மியூ ஒன்று இல்லை. ஏதோ பொடி எண். பக்கத்திலேயே யூனிட், ஹென்றி பெர் மீட்டர். காற்று அதே காற்றுதான். இத்தனை நாள் அந்த ஹென்றி எங்கே ஒளிந்திருந்தான்?

வகுப்பில் எழுந்து படித்துக் காட்டினேன்.

“பழைய முறையில அதை ஒண்ணுன்னு நாமளா வச்சுக்கிட்டது” என்றார்.

“அப்போ அந்தோணிக்குப் போட்ட முட்டை, சார்?”

வகுப்பே உன் இடத்தைப் பார்த்தது. அவர் டஸ்டரை எடுத்தார், வைத்தார். “பாடத்தைப் பாரு.”

மறுநாள் போர்டில் மியூ ஒன்று என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக ‘என்று வைத்துக்கொள்வோம்’ என்று சேர்த்தார். அது உன்னிடம் கேட்ட மன்னிப்பா, என் வாயை அடைக்கவா? பித்தளை, மச்சான். நம்புவதற்கில்லை.

அதனால் வருகிற பரீட்சையில் உன் வரியை எழுத்து மாறாமல் எழுதப்போகிறேன். மார்க் போட்டால், கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியோடு தாளையும் கொண்டுவருவேன்; உன் தாளையும் பிரித்து வைக்கும்படி அத்தையிடம் சொல்வேன். முட்டை போட்டால் ஆளுக்குப் பாதி.

உன் மாமன் மகன்,
சவரி