சுடாத கால்

மேல்கணக்கு லயம்,
கரவனெல்ல.
4.7.1976

அன்பு மகன் தம்பிராஜாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அப்பா உயிரோடு இருக்கிறார். நீயும் இந்திராணியும் பிள்ளைகளும் அந்தக் கோத்தகிரிக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உன் கடுதாசி புதன்கிழமை கிடைத்தது. அப்பாவின் கால் புண் ஆறவேண்டும் என்று ஆடி மாதம் அங்கே தீ மிதிக்க நேர்ந்துகொண்டதாக எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இனி மறைத்து என்ன பிரயோசனம், சொல்லிவிடுகிறேன், மனசைத் திடப்படுத்திக்கொள் ராசா. அப்பாவின் வலது காலை எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே இல்லை. வைகாசி மாசம் நடந்தது. உனக்கு எழுத வேண்டாம், கடலுக்கு அந்தப் பக்கம் கிடந்து அழுவான் என்று அப்பாதான் தடுத்தார், நானும் வெறும் புண் என்றே எழுதிவந்தேன்.

எப்படி ஆச்சு என்று கேட்பாய். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா தீ மிதிப்பது ஞாபகம் இருக்குமே, ஓட்டமாக ஓடிக் கடந்து பால்குழியில் நின்று பல்லைக் கடிப்பார், அன்றைக்கு ராத்திரி முழுக்க முனகுவார். நீங்கள் கப்பல் ஏறிப் போன பிறகு இந்த இரண்டு வருஷமாகத்தான் கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி நிதானமாக நடந்தார். சூடே தெரியவில்லை என்றார். தோட்டமே கையெடுத்துக் கும்பிட்டது. "ஆத்தா அவரு கால்ல வந்து நிக்கிறா"ன்னு லயத்தில் நம் அடுத்த காம்பரா வீட்டு இராஜம் அவர் காலில் விழுந்தாள், நானும் பூரித்துப்போய் நின்றேன். காப்பு அவிழ்க்கும்வரை மிதித்த காலுக்கு மருந்து வைக்கக் கூடாது, மஞ்சளும் திருநீறும்தான், நம் வழக்கம் உனக்குத் தெரியாததா. இந்தச் சித்திரையில் விரல் இடுக்கில் ஒரு கங்கு ஒட்டிக்கொண்டு உள்ளே தின்றிருக்கிறது, மனுஷனுக்குத் தெரியவே இல்லை. வலித்தால்தானே குனிந்து பார்ப்பார். நாற்றம் வந்தபோதும், ரப்பர் ஸ்டோரில் நாறிக் கிடக்கும் ஒட்டுப்பால் கழிவைக் கழுவுகிறவர், அந்த நாற்றந்தான் போலிருக்கிறது என்று அவருடைய சாரத்தைச் சவுக்காரம் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தேன். காப்பு அவிழ்த்த பிறகு பார்த்தால் இரண்டு விரலும் கறுத்துக் கிடந்தன. லொறிக்கார அஸீஸ் நானாதான் ரப்பர் ஷீட் கட்டுகளுக்கு மேலே பாயை விரித்து, அவரைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே பெரிய டொக்டர் சிங்களத்தில் கேட்டார், இத்தனை வருஷமாகச் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிற மனுஷனுடைய காலை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லையா என்று. நான் விட்டுக்கொடுக்காமல், இவர் தீ மிதித்தாலும் சுடாது ஐயா, அவ்வளவு பக்தி என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மே, ஏக தமய் லெடே" என்றார். அதுதான் அம்மா வியாதியே என்று அர்த்தம். சீனி கூடக் கூடக் கால் மரத்துப்போகுமாம். ஆத்தா வந்துவிட்டாள் என்று நாங்கள் விழுந்து கும்பிட்டது அந்த வருத்தத்தைத்தான், மகனே.

திரும்பி வந்ததும் நேரே டிஸ்பென்சரிக்குத்தான் போனேன். நம் மருந்துக்கார ஐயா பொன்னுத்துரை யாழ்ப்பாணத்துக்காரர், சிரிக்கவும் மாட்டார், யாரும் எதிர்த்துப் பேசவும் மாட்டார்கள். "மாசாமாசம் ஒண்ணுக்கை நீல மருந்துல காச்சி நெறம் பாத்தீங்க, மாத்திர குடுத்தீங்க, ஒரு நாளாச்சும் காலப் பாத்தீங்களாய்யா?" என்று கேட்டேவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நானும் கேக்கேல்லை அம்மா, அவரும் காட்டேல்லை" என்று தலையைக் குனிந்துகொண்டார். அதுவும் உண்மைதானே. நம் சனம் ஐயாமார் முன்னால் காலை நீட்டுமா? சேற்றுக்கால், அட்டை கடித்த கால், மரியாதை இல்லை என்று பெஞ்சுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டுதானே மருந்து வாங்குவோம். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவர் விறாந்தையில் பெஞ்சைப் போட்டு, பேசினில் தண்ணீர் வைத்து, சீனி வருத்தக்காரர் எல்லாரும் கழுவிவிட்டுக் காலை நீட்டினால்தான் மாத்திரை என்று சொல்லிவிட்டார். ஒருத்தரும் அசையவில்லை. இராஜத்துக்கும் சீனிதான், அவள் சேலைக்குள் காலை மறைத்துக்கொண்டு நெளிந்தாள். எனக்கு வந்ததே கோபம். "ஏண்டி, கால் போனப்புறம் யாருக்குடி மரியாதை காட்டப்போற?" என்று தரையில் உட்கார்ந்து அவள் காலை இழுத்து என் மடியில் வைத்தேன். குதிகாலில் போத்தல் துண்டு ஒன்று ஏறிக் கிடந்தது, அதோடு எத்தனை நாள் மலை ஏறி இறங்கினாளோ, அவளுக்கே தெரியாது. ஐயா அதை எடுத்துக் கட்டுப் போட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தராகக் காலை நீட்டினார்கள். இப்போது எல்லா வெள்ளிக்கிழமையும் இது நடக்கிறது.

போன வெள்ளி அப்பாவையும் தூக்கிக்கொண்டு போனோம். மிச்சம் இருப்பது இடது கால் ஒன்றுதானே. கண்ணை மூடச் சொல்லி, "தொட்டவுடனை சொல்லுங்கோ" என்று ஐயா பஞ்சைத் திரித்து எடுத்தார். அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பெருவிரலில் தொட்டார், சுண்டுவிரலில் தொட்டார், உள்ளங்காலில் இழுத்தார். அப்பா வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் போனதும், "தொடுங்கய்யா, இன்னும் என்னா தாமசம்?" என்றார். நான் டிஸ்பென்சரிக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஊரை விட்டுப் போகும்போது மாவனல்லையில் நீ வாங்கிக் கொடுத்த செருப்பை, நல்ல நாளுக்கு ஆகும் என்று தகரப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தாரே, இப்போது இடது செருப்பைப் போட்டுக்கொள்கிறார். மற்றது பெட்டியில் கிடக்கிறது.

போன வருஷம் வேலைக்குச் சேரும்போது பார்த்ததில் உனக்கும் சீனி இருப்பதாக எழுதினாயே, அதனால்தான் இத்தனையும் எழுதுகிறேன். நீ தீயில் இறங்கக் கூடாது. இந்தக் கடுதாசி ஆடிக்கு முன்னால் வந்து சேர வேண்டுமே என்றுதான் எனக்கு உயிர் துடிக்கிறது. நேர்ந்ததை மாற்றினால் ஆத்தா கோபிப்பாள் என்று பயப்படாதே, அந்த நேர்த்திக்கடனை நான் ஏற்றுக்கொண்டேன். பூசாரியிடம் சொல்லி மஞ்சள் துணியில் காசு முடிந்தும் வைத்துவிட்டேன், வருகிற சித்திரையில் உனக்குப் பதிலாக நான் மிதிப்பேன். அடுப்புப் பொறி தெறித்தாலே துள்ளுகிறவள் நான், எனக்கு நன்றாகச் சுடும். சுடட்டும். குளிருக்குக் காலை அடுப்போரம் நீட்டாதே, சுடுதண்ணீரை இந்திராணி கைவிட்டுப் பார்த்த பிறகு ஊற்றிக்கொள், படுக்கும் முன்னால் விரல் இடுக்கெல்லாம் அவளைப் பார்க்கச் சொல், பெண்டாட்டி முன்னால் காலை நீட்ட வெட்கப்படாதே.

பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக வாழ அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். கடைசியாக ஒன்று. இதைப் படித்த கையோடு கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டு, இந்திராணி பஞ்சால் தொடட்டும். எந்த விரலில் தெரிந்தது, எந்த விரலில் தெரியவில்லை என்று உள்ளதை எழுது, வேறு ஒன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அவள் தொட்டு முடித்த பிறகு நீயும், "இன்னும் என்னா தாமசம், தொடு" என்று கேட்டுவிடாதே ராசா.

உன் அம்மா
சிவபாக்கியம்