மஞ்சள் பூச்சியின் பெயர்

மகனுக்கு,

நமக்குள் இருக்கும் மனக்கசப்பு அப்படியே இருக்கட்டும். நீ போனை எடுக்கமாட்டாய், அதனால் மாப்பிள்ளை கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தோட்டத்தில் ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி தாழ்வாகவே பறக்கிறது. பறக்கும்போது இறக்கை ஓரத்தில் கறுப்புக் கரை தெரிகிறது. உட்கார்ந்தால் மூடிக்கொள்கிறது, வெறும் மஞ்சள்தான். படுத்த படுக்கையாகிவிட்ட உன் அம்மா பார்க்கட்டும் என்று கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன்.

"அதோட பேரென்ன?" என்றாள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"உங்களுக்கு என்ன தெரியும்? அவனைக் கேளுங்க. பூச்சி பின்னாலயே சுத்தினவன்."

அப்புறம் தினமும், "கேட்டீங்களா?" கேட்டிருக்கிறேன் என்று சமாளித்தேன்.

இன்று காலை அது ஜன்னல் கம்பியிலேயே வந்து உட்கார்ந்தது. அவள் திரும்பவில்லை, கேட்கவும் இல்லை. மூச்சு மட்டும் ஓடுகிறது.

பெயரை எழுதி அனுப்பாதே. வந்து அவள் காதில் சொல். நான் தோட்டத்தில் இருந்துகொள்கிறேன்.

அப்பா