கடைசிக் கட்டத்தில் ஒரு டிக்

என் தங்கத்துக்கு,

அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன், நான் நன்றாகவே இருக்கிறேன், பிரஷர்கூட இறங்கியிருக்கிறது என்று டாக்டரே ஆச்சரியப்பட்டார், காரணத்தை அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன், படித்ததும் கிழித்துப் போடு.

உன் சித்தப்பாவால் இனி டிரெய்லர் ஓட்ட முடியாது. லாரி லைசென்ஸ் இருந்தால் டிரெய்லரையும் இழுக்கலாம் என்பதெல்லாம் பழைய கதையாம், இப்போது அதற்குத் தனி அனுமதி, ஏற்கெனவே ஓட்டுகிறவர்கள் ஒரு படிவம் அனுப்பினால் போதும், தவறவிட்டால் முதலிலிருந்து பரீட்சை. அந்தப் படிவத்தின் கடைசிக் கட்டத்தில், டிரெய்லர் அனுமதி வேண்டாதவர்கள் மட்டும் குறியிடவும் என்று போட்டிருந்தது. அவர்தான் எதையும் படிக்கமாட்டாரே, அவர் என்ன அவர், அவன், நம் லாரி ஆபீசில் என் மேசையருகே நின்றபடியே மேலிருந்து கீழ்வரை எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டு, ஒட்டி அனுப்பிடுங்க அண்ணி என்று என் முன்னால் வீசினான். நான் படித்தேன். சொல்லியிருக்கலாம், வாய்வரை வந்தது. ஆனால் அப்பா இறந்த மூன்றாம் மாதம், அவர் உனக்குச் சொல்லிக்கொடுத்த அதே வண்டியில் நீ ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருந்தபோது, ஷெட்டு ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும், ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத பொட்டப்புள்ளைக்கு டிரெய்லர் கேக்குதா, கீழ எறங்கு என்றானே, நீ இறங்கி ஊரைவிட்டே போனாயே, அது நினைவுக்கு வந்தது. கவரை ஒட்டி, நானே நடந்து போய்த் தபாலில் போட்டேன்.

புது லைசென்ஸ் அட்டை வந்தபோதும் அவன் பார்க்கவில்லை, எடைமேடையில் அதிகாரி நிறுத்திப் பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. டிரெய்லரை அங்கேயே கழற்றிவிட்டு மொட்டை லாரியோடு திரும்பி வந்தான். பரீட்சைக்கும் போனான், நானும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். கிளீனர் பின்னால் நின்று கத்தக்கூடாதாம், கண்ணாடியை மட்டும் பார்த்து ரிவர்ஸ் எடுக்க வேண்டுமாம். இருபது வருஷமாகக் கிளீனர் தொண்டையை நம்பியே ஓட்டியவனுக்கு அது எப்படி வரும். முதல் தடவை நான்கு கூம்பை இடித்துத் தள்ளினான், இரண்டாம் தடவை ஆறு. அங்கே நான் சிரிக்கவில்லை, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நேற்று காலையில் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தான். ஷேவ்கூடப் பண்ணவில்லை. "அண்ணி, அந்தக் கடைசிக் கட்டம் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். "தெரியும் தம்பி" என்றேன். வண்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பாவம் பார்ப்பேன் என்று நினைக்காதே, எனக்கு அது வரவில்லை. நீ போன இடத்தில் எடுத்த டிரெய்லர் லைசென்ஸ் இங்கேயும் செல்லுமாம், இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டேன். வா என்று கட்டாயப்படுத்தமாட்டேன், உன் வாழ்க்கை, உன் இஷ்டம். குளிருக்குக் காதை மூடிக்கொள், யாருடனும் வீண்சண்டை போடாதே, அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ எங்கே இருந்தாலும் தலைநிமிர்ந்து இருக்க வேண்டும், அம்மாவுக்கு வேறு எதுவும் வேண்டாம். உன் பதில் வரும்வரை அப்பா வண்டியின் டிரைவர் இருக்கையில் நான் யாரையும் ஏற்றமாட்டேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா