மருந்து வாடை போன தண்ணீர்

மார்ச் 3
இன்றும் குழாயைத் திறந்ததும் குப்பென்று மருந்து வாடை. டீ போட்டால் டீயாகவா இருக்கிறது? ஆஸ்பத்திரித் தரையைக் கழுவி ஊற்றிய மாதிரி இருக்கிறது. இவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார். எதைக் கொடுத்தாலும் வாய் பேசாமல் விழுங்குகிற மனுஷன், அவருக்கே தாங்கவில்லை. தையல் வேலை கிடக்கட்டும். நாளைக்குத் தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறேன்.

மார்ச் 4
போனோம். தொட்டிக்காரர் ஏணியடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாவம், முடிக்கட்டும் என்று நின்றேன். கை கழுவியதும் பிடித்துக்கொண்டேன். நல்ல தண்ணீர் எங்கள் உரிமை, உங்களிடம் பிச்சை கேட்க வரவில்லை என்றேன். மேலே இருப்பவர்கள் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்கிறார்கள், போடுகிறேன் என்று இழுத்தார். பின்னால் நின்றவர்கள் விடவில்லை, ஒரே கூச்சல். கடைசியில், "சரிம்மா, இனிமே போடல. ஆள விடுங்க" என்றார்.

வழியெல்லாம் சிரிப்பு. நான் வாயைத் திறந்து நடக்காமல் போனது உண்டா?

மார்ச் 6
வாடை போயே போய்விட்டது. பளிங்கு மாதிரித் தண்ணீர். எதிர்வீட்டு அக்கா ஜன்னலிலிருந்தே எனக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

சாயங்காலம் நாலு வீடு தள்ளியிருக்கும் நாத்தனார் தன் வாண்டுவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பத்து மாதம்தான் ஆகிறது, கீழே விட்டால் நேராக என் தையல் மெஷினுக்குத்தான் தவழ்வான். இத்தனை நாளும் புட்டிப்பாலைப் பாதியில் துப்பியவன், இன்று சொட்டு விடாமல் குடித்தானாம். எனக்குப் பிள்ளை இல்லாத குறை இவன் வந்தபிறகு பெரிதாகத் தெரியவில்லை.

மார்ச் 8
பள்ளிச் சீருடைகள் முடித்தாயிற்று. வேறொன்றுமில்லை.

மார்ச் 11
தெருக்கோடி வீட்டில் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு. கண்டதை வாங்கித் தின்றிருப்பார்கள்.

மார்ச் 12
வாண்டுக்கும். காலையிலிருந்து நிற்கவே இல்லை. தண்ணி குடு, தண்ணி குடுன்னு நான்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்பதான் தண்ணி நல்லா வருதேன்னு — ஸ்பூன் ஸ்பூனா நானே ஊத்தினேன்.

மார்ச் 13
ஆஸ்பத்திரி. கையில் நரம்பு கிடைக்காமல் காலில் குத்தியிருக்கிறார்கள். கண் உள்ளே போய்விட்டது. அழுகிறான், கண்ணீர் வரவில்லை. வராந்தா முழுக்க எங்கள் தெருக்காரர்கள்.

மார்ச் 14
போயிட்டான்.

மார்ச் 17
சுகாதார ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்தார். எங்கள் தெருக் குழாயில் விரிசல் விட்டுச் சாக்கடை கலந்திருக்கிறதாம். எவ்வளவு காலமாகவோ. பவுடர் போட்டுவந்த வரைக்கும் அதுதான் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்றார். "வாடை நின்னப்போ உங்கள்ல ஒருத்தருக்குக்கூடச் சந்தேகம் வரலையா?" என்று கேட்டார்.

ஊருக்கே கேட்கிற என் வாய் ஒட்டிக்கொண்டது.

மார்ச் 18
தொட்டிக்காரரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் தெருப் பக்கம் வந்து, உங்கள் வீட்டுப் பெண்கள்தான் நிறுத்தச் சொன்னார்கள் என்றாராம். பழியைப் பெண்கள்மேலா போடுகிறாய் என்று ஆண்கள் கூடி அடித்திருக்கிறார்கள். இவர்தான் வந்து சொன்னார். சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக்கு விசாரணை. தெரு சார்பாக நான் பேச வேண்டுமாம். ஏன்னா எனக்குத்தான் வாய் இருக்கு. பேசித்தானே இந்தக் கதிக்குக் கொண்டுவந்தேன். இன்னும் என்ன பேசப்போறே நீ?

மார்ச் 19
சொல்லிவிட்டேன். பவுடரை நிறுத்த வைத்தது நான்தான், அந்த மனுஷனை விட்டுவிடுங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். எங்கள் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். தொட்டிக்காரர் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

அங்கிருந்து நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் போனேன். வாண்டுவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். நான்தாண்டி காரணம், நான் மட்டும்தான் என்றேன்.

அவள் நிமிரவே இல்லை. "அன்னைக்கு உங்க பின்னாடி நானும்தானே நின்னேன் அண்ணி. அவன இடுப்புல வெச்சுக்கிட்டுத்தானே கத்தினேன்."

எழுந்து போகச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.