தீனி இல்லாத ஐந்து நாள்

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? இங்கே சிம்பாங் அம்பாட் மீன் பண்ணையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் பண்ணையில் ஒரே தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்பத் தொட்டிகளில் ஓடவிடுவதால், கொடுவா மீனில் மண்வாடை ஏறிவிடும். அந்த வாடை நீங்க, விற்பதற்கு முன் ஐந்து நாள் புதுத் தண்ணீரில் தீனி இல்லாமல் விட்டுவைப்போம். இத்தனை மாதமும் தீனி போட்டவள் நான். என் நிழலைக் கண்டாலே வாயைத் திறந்துகொண்டு கூட்டமாக மேலே வருகின்றன.

மேற்பார்வையாளர் சுகுமாரன் நேற்று, "அக்கா, அந்தப் பக்கம் போகாதீங்கலா! உங்களப் பார்த்து ஓடி ஓடியே எடை கொறஞ்சிடும், முதலாளி என்னைத்தான் ஏசுவாரு" என்றார். நானும் சிரித்துவிட்டேன். இப்போது அந்தத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போகிறேன்.

அம்மா போனதிலிருந்து நீங்கள் ஒரு வேளைதான் சாப்பிடுகிறீர்களாம், தம்பி மனைவி துளசி சொன்னாள். பக்கத்தில் இருந்து பரிமாற எனக்கு இன்னும் ஏழு மாதம் ஆகும். அதுவரை தினமும் மத்தியானம் உங்கள் தட்டைப் படம் எடுத்து அனுப்பத் துளசியிடம் சொல்லுங்கள். சோறு இருக்கும்போது வேண்டாம் அப்பா. சாப்பிட்டு முடித்த வெறும் தட்டு போதும்.

வேலைக்குப் போக வேன் வந்துவிட்டது.

உங்கள் மகள்
அருந்ததி