அப்பா சிரித்தார் என்று நான் சொன்னது

கப்பல் வேலையில் கடலில் மிதக்கும் அண்ணனுக்கு, தரையில் மூழ்கும் தங்கை எழுதுவது.

நலமா என்று கேட்கமாட்டேன். நீ திருப்பிக் கேட்பாய். போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்கு மூன்றாவது முறையாக நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். லிஃப்ட் பழுது பார்க்கப் போய் விழுந்து ஒன்பது மாதம் ஆகிறது. கண் திறந்திருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. கையில் நரம்பு கிடைக்காமல் இந்த முறை கழுத்தில் குத்தினார்கள்.

பெரிய டாக்டருக்கு நான் வைத்த பெயர் 'பார்ப்போம்'. எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். பார்ப்பது ஃபைலை மட்டும். சின்ன டாக்டரம்மா 'ஸ்கேல்'. அவ்வளவு நேர். "நினைவு இனி வராதும்மா. அடுத்த காய்ச்சலுக்கு மருந்து வேண்டாம், கஷ்டமில்லாம பார்த்துக்கலாம். எங்கப்பாவா இருந்தா அதைத்தான் செய்வேன்" என்றார்.

உடனே பார்ப்போமிடம் போய், "உங்கப்பாவா இருந்தா நீங்க என்ன சார் செய்வீங்க?" என்று வாயாடினேன்.

"செஞ்சேன். நாலு வருஷம், எதையும் நிறுத்தலை. சரியா தப்பான்னு கேக்காதே, போ" என்றார். அன்று முழுக்க அவர் யாரிடமும் 'பார்ப்போம்' சொல்லவில்லை.

அண்ணா, நான்காம் மாதம் போனில், என் மொக்கை ஜோக்குக்கு அப்பா சிரித்தார் என்றேனே. சிரிக்கவில்லை. நீ அழுதாய், தாங்கமுடியாமல் புளுகிவிட்டேன். நீயோ டாக்டரைக் கூப்பிட்டு எதையும் நிறுத்தக்கூடாது என்றுவிட்டாய். என் புளுகு ஃபைலில் ஏறியது: 'மகளின் பேச்சுக்குச் சிரித்தார்.' ஸ்கேல் அப்பாவின் கண்முன் முகம் பார்க்கும் கண்ணாடியை ஆட்டியும் பெயர் சொல்லி அழைத்தும் அரை மணி நேரம் நினைவைத் தேடினார். ஒன்றுமில்லை. பார்ப்போம்தான் அந்த வரியை விடவே இல்லை. அடுத்தடுத்த காய்ச்சலுக்கெல்லாம் அதைக் காட்டித்தான் மருந்து எழுதினார். என் புளுகுகளில் எல்லோரும் நம்பியது இது ஒன்றுதான்.

நேற்று இருவரிடமும் உண்மையைச் சொன்னேன். ஸ்கேல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பார்ப்போம் பேனாவைத் திறந்தார், வரியை அடிக்காமலே மூடினார். "நிறுத்தலாமா வேண்டாமான்னு உங்கண்ணன் வாயால சொல்லட்டும்" என்றார். அம்மா இருந்திருந்தால் உன்னைக் கேட்டிருக்கமாட்டார்கள். பதினாறு வயதுக்காரியின் கையெழுத்து செல்லாதாம்.

கழுத்தில் குத்தும்போது அப்பா முகம் சுளிக்கவில்லை, அண்ணா. தெரிந்த ஜோக் எல்லாம் காதில் சொல்லிவிட்டேன். இனி என்னிடம் இல்லை.

கரை சேர்ந்ததும் முதலில் என்னைத் திட்டு. பிறகு டாக்டரைக் கூப்பிடு. அந்தச் சிரிப்பை மட்டும் நினைக்காதே. நீ என்ன சொன்னாலும், சொல்லும்போது உன் குரல் உடையாமல் இருக்கட்டும்.

உன் தங்கை,
வாலு